தங்கை வரும் மூன்று இடங்கள்

லியோனிசா கபாலுனாவை முதல் நாளே விரட்டிவிடுவது என்று நாங்கள் முப்பத்தொரு பேரும் பேசி வைத்திருந்தோம். அவள் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்திருக்கவில்லை. அவள் முகத்தைக்கூட அதுவரை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்க வருகிறவள் அவள்தான் என்று தெரிந்திருந்தது. விரோதத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

நான் அப்போது ஜெனரல் சாந்தோஸ் துறைமுக நகரத்தில் ஒரு சூரை மீன் டப்பாத் தொழிற்சாலையில் தோலுரிக்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பெயர் ஜுவெலின். வயது முப்பத்து நான்கு. வேகவைத்து ஆறிய சூரை மேசைக்கு வரும். தலையைக் கிள்ளி, தோலைச் சுரண்டி, முள்ளை உருவி, கருஞ்சதையைப் பூனைத் தீனிக்குத் தனியே வழித்துப் போடவேண்டும். வெள்ளைச் சதை டப்பாவுக்கு. வாரத்தில் ஆறு நாள், நின்றபடியே. ஒப்பந்தம் ஐந்து மாதம்தான். முடிந்ததும் ஏதோ புதிதாகச் சேருகிறவளைப் போல மறுபடி கையெழுத்துப் போடவேண்டும். அப்படி நான் பதினொரு வருடமாகப் புதிதாகச் சேர்ந்துகொண்டே இருந்தேன்.

அந்த ஜூன் மாதம் கம்பெனி ஓர் அறிவிப்பை ஒட்டியது. உயர்நிலைப் பள்ளி முடித்த சான்றிதழ் இல்லாதவர்களுக்கு டிசம்பருக்குப் பிறகு ஒப்பந்தம் கிடையாது. படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கென்று அரசாங்கம் நடத்தும் தேர்வு நவம்பரில் வரும், எழுதிக்கொள்ளலாம். அதற்கான வகுப்பு ஞாயிறுதோறும் கம்பெனி கேன்டீனில். கல்வி அலுவலகம் ஆசிரியரை அனுப்பும்.

"சூரைத் தோலை உரிக்க எதுக்குடி அல்ஜீப்ரா?" என்றாள் நெனிதா அக்கா. எங்களில் மூத்தவள் அவள். ஐம்பத்தேழு வயது. "சான்றிதழைக் காட்டினா மீன் தானா சட்டையைக் கழட்டிடுமா?"

முதல் ஞாயிறு காலை, ஆசிரியர் உட்காரும் நாற்காலியில் ஒரு சூரைத் தலையை வைத்தோம். யோசனை என்னுடையது. லியோனிசா வந்தாள். இருபத்தொன்பது வயது, குட்டை உருவம், தடித்த கண்ணாடி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. நாற்காலியைப் பார்த்தாள். தலையைக் கையில் எடுத்துச் செவுளை விரித்தாள்.

"நேத்து மீனு. செவுள் கருத்துப்போச்சு. என்னை அவமானப்படுத்தணும்னா புது மீனாவது வெச்சிருக்கலாம்" என்று சொல்லி அதைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தாள். பிறகு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"உங்களுக்கு என்னைப் பிடிக்கணும்னு நான் வரலை. எனக்கும் ஞாயித்துக்கிழமை இருக்கு. எனக்கும் துணி துவைக்கணும். நவம்பர் வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் சகிச்சுக்குவோம்."

அவளை விரட்டுவது சுலபமில்லை என்று அன்றே தெரிந்துவிட்டது. அதனாலேயே இன்னும் எரிச்சலாக இருந்தது.

தேர்வில் வாசிப்பும் கட்டுரையும் உண்டு. அவற்றுக்கு அவள் எடுத்துக்கொண்டது ஒரு பழைய நாவல். நூறு வருடத்துக்கு முந்தியது. எங்கள் நாட்டில் உயர்நிலைப் பள்ளி மூன்றாம் வருடத்தில் பிள்ளைகள் அதைப் படிப்பார்கள். நாங்கள் பெரும்பாலும் அந்த வருடம் வருவதற்குள் பள்ளியை விட்டவர்கள். கதை இதுதான்: உப்புக் காய்ச்சுகிறவரின் மகன் இலாரியோ. படிக்கவேண்டும் என்று படகில் நகரத்துக்குப் போகிறான். ஸ்பானியப் பாதிரியார் அவனைக் கூட்டிப் பெருக்க வைக்கிறார். அடிக்கிறார். மூன்று முறை துரத்துகிறார். நான்காவது முறையும் இலாரியோ வந்து வாசலில் நிற்கிறான். கடைசியில் வக்கீலாகிறான். தாய் சாகக் கிடக்கும்போது ஊர் திரும்பி, உப்புக் காய்ச்சுகிறவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டுவேன் என்று சபதம் செய்கிறான்.

லியோனிசா கரும்பலகையில் இரண்டு வார்த்தை எழுதினாள். கல்வி. விடாமுயற்சி. அதன் கீழே அழுத்தமாக ஒரு கோடு.

"இதுதான் நாவலோட கருத்து. தேர்வுல கேட்டா இதைத்தான் எழுதணும். எத்தனை தடவை விழுந்தாலும் எந்திரிச்சு நிக்கிறவன் ஜெயிப்பான்."

நெனிதா அக்கா கையைத் தூக்கினாள். "மேம், நான் இருபத்திரெண்டு வருஷமா எந்திரிச்சுத்தான் நிக்கிறேன். உக்காரவே விடலை. ஜெயிச்சது முழங்கால் வலிதான்."

கேன்டீனே சிரித்தது. லியோனிசா சிரிக்கவில்லை. "முழங்கால் வலி தேர்வுல வராது. பக்கம் பன்னெண்டைத் திறங்க."

இப்படியே ஜூலை போயிற்று. தூங்கி விழுகிறவளின் மேசையில் அவள் புத்தகத்தால் தட்டுவாள். எழுத்துப் பிழை உள்ள தாளை உயர்த்திப் பிடித்து எல்லோர் முன்னாலும் வாசிப்பாள். ஐந்து பிள்ளை பெற்ற ஒருத்தியை, "ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியலையா?" என்று கேட்டு அழ வைத்தாள். எங்களிடம் கனிவாகப் பேசிப் பழக்கமில்லாதவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அவர்கள் சம்பளம் கொடுக்கிறவர்கள். இவள் யார்?

இவள் யார் என்று எங்கள் வரிசையின் சூப்பர்வைசர் ரெய்னெரியோ கண்டுபிடித்துச் சொன்னான். அவனுடைய மைத்துனன் கல்வி அலுவலகத்தில் இருந்தான். "உங்க டீச்சரம்மா, டீச்சராகிறதுக்கான லைசன்ஸ் பரீட்சையில நாலு தடவை ஃபெயிலு. அவதான் உங்களுக்கு விடாமுயற்சி சொல்லித்தர்றா" என்று பல்லைக் காட்டினான்.

அடுத்த ஞாயிறு அவள் பெயர் கூப்பிட்டபோது, "உள்ளேன்" என்பதற்குப் பதிலாக நாங்கள் ஒவ்வொருத்தியும் "நாலு" என்றோம். முதலில் அவளுக்குப் புரியவில்லை. ஏழாவது பெயருக்குப் புரிந்துவிட்டது. காது சிவந்தது. ஆனாலும் நிறுத்தாமல் முப்பத்தொரு பெயரையும் கூப்பிட்டு, முப்பத்தொரு நாலையும் வாங்கிக்கொண்டு, ஏட்டை மூடினாள்.

"அஞ்சாவது தடவை பாஸ் ஆனேன். அதை ஏன் ஒருத்தியும் எண்ணலை? நாலுக்கு மேல எண்ண வராதா? சரி, இன்னைக்குக் கணக்குல இருந்தே ஆரம்பிக்கலாம்."

அன்று மூன்று மணி நேரம் பின்னங்கள் போட வைத்தாள்.

உண்மையான பகை ஆகஸ்ட் கடைசியில்தான் வந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆறு பேருக்கு மறு கையெழுத்து இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஆறு பேரும் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள். அதில் நெனிதா அக்காவும் ஒருத்தி. காரணம் கேட்டதற்கு, "படிப்பில் அக்கறை காட்டவில்லை, வகுப்புக்கு வரவில்லை" என்று ஒரு தாளைக் காட்டினார்கள். அது லியோனிசாவின் வருகைப் பதிவின் நகல். ஒவ்வொரு ஞாயிறும் வகுப்பு முடிந்து போகையில் அவள் அதை ரெய்னெரியோ கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். நெனிதா அக்கா இரண்டு ஞாயிறு வரவில்லை என்பது உண்மை. அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

அந்த ஞாயிறு நான் ஒரு வாளியோடு போனேன். சூரை வேகவைத்த தண்ணீர், பழுப்பாக, மேலே எண்ணெய் மிதக்க. ஆறிப்போனதுதான், சுடாது. ஆனால் அந்த வாடை தோலில் மூன்று நாள் நிற்கும், துணியிலிருந்து போகவே போகாது. லியோனிசா எங்களுக்கு முதுகைக் காட்டி எழுதிக்கொண்டிருந்தபோது அவள் தலையில் ஊற்றினேன்.

தண்ணீர் தரையில் சொட்டியது. அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"யாரு?"

"நான்தான்."

"ஏன்?"

"ஆறு பேரு வேலை போச்சு. நீ குடுத்த லிஸ்டை வெச்சுத்தான். தெரியாத மாதிரி நிக்காத."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் பார்த்தாள். உடம்பில் காய்ந்த துணி எங்கும் இல்லை. ஈரத்தோடேயே போட்டுக்கொண்டாள்.

"அவர் கேட்டாரு. குடுத்தேன். எதுக்குன்னு நான் கேக்கலை." நெற்றியில் வழிந்ததைப் புறங்கையால் தள்ளினாள். "கேட்டிருக்கணும்."

மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தோம். அவள் தரையில் கிடந்த சுண்ணாம்புக்கட்டியை எடுத்தாள். "பக்கம் நாப்பத்தொண்ணு" என்றாள். ஈ மொய்க்க மொய்க்க ஒன்றரை மணி நேரம் பாடம் நடத்தினாள். அழுதிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் அழாதது எனக்கு இன்னொரு அவமானமாகத் தெரிந்தது.

வெளியே போகும்போது கேட்டில் ரெய்னெரியோ வழக்கம்போலக் கையை நீட்டினான்.

"இனிமே வருகைப் பதிவு கல்வி அலுவலகத்துக்குத்தான். உங்களுக்கு இல்லை" என்றாள்.

"மேம், உங்க ஒப்பந்தமும் டிசம்பர்லதான் முடியுது. ஞாபகம் இருக்கில்ல?"

"நாலு தடவை ஃபெயிலானவளுக்கு ஞாபகசக்தி இருக்காதுன்னு நினைச்சீங்களா? இருக்கு. வழியை விடுங்க, சட்டை நாறுது."

நாங்கள் பின்னால் நின்று கேட்டோம். ஒருத்திக்கும் அவள்மேல் இரக்கம் வரவில்லை. நாய்க்கும் நாய்க்கும் சண்டை என்றுதான் தோன்றியது.

அடுத்த ஞாயிறு கேன்டீன் பூட்டிக் கிடந்தது. காவலாளி, மேலிடத்து உத்தரவு என்றான். தொழிற்சாலைக்கு எதிரே தேவாலயத்தை ஒட்டி ஒரு சிமெண்ட் கூடைப்பந்துத் தளம் உண்டு. லியோனிசா அங்கே கம்பத்தில் கரும்பலகையைக் கட்டித் தொங்கவிட்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது. பந்து விளையாட வந்த ஆண்கள் சத்தம் போட்டார்கள். "பன்னெண்டு மணிவரைக்கும் இது பள்ளிக்கூடம். பந்து வேணும்னா கடல்ல போய் போடுங்க" என்று அவர்களிடமும் சண்டைக்கு நின்றாள்.

அதற்கு முந்தின நாள் அவள் வேலை போன ஆறு பேரின் வீட்டுக்கும் போயிருந்தாள். நெனிதா அக்கா செருப்பைக் கையில் எடுத்தபடி கதவைத் திறந்தாளாம்.

"அடிக்கிறதுன்னா அடிச்சிட்டுக் கேளுங்க" என்றாளாம் லியோனிசா. "உங்களை வேலையை விட்டுத்தான் அவங்க எடுத்தாங்க. தேர்வு அரசாங்கத்தோடது. அதுல இருந்து உங்களை எடுக்க அவங்களால முடியாது. பேரு இன்னும் லிஸ்ட்ல இருக்கு."

நெனிதா அக்கா வந்தாள். கடைசி வரிசையில் குடையை விரித்து உட்கார்ந்துகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்: "இவ மூஞ்சிக்காக வரலைடி. ரெய்னெரியோ மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கத்தான் வந்தேன்."

செப்டம்பரில் நாவலின் முப்பத்தொன்றாம் அத்தியாயத்துக்கு வந்தோம். தாய் சாகக் கிடக்கிறாள். இலாரியோ பக்கத்தில் இருக்கிறான். "லூசிங்குக்கும் சொல்லியனுப்பு" என்கிறாள் தாய். அவன் தலையசைக்கிறான். அடுத்த பக்கத்தில் அடக்கம் முடிந்துவிடுகிறது. அவன் உப்புப் பாத்தியின் ஓரம் நின்று சபதம் செய்கிறான்.

"இந்தச் சபதத்துலதான் நாவலோட உயிர் இருக்கு" என்றாள் லியோனிசா. "எல்லாரும் அடிக்கோடு போடுங்க."

நான் எழுந்தேன். "மேம், லூசிங்குக்குச் சொன்னானா?"

"யாருக்கு?"

அந்த 'யாருக்கு'தான் என்னைக் கொளுத்தியது. "அவன் தங்கச்சிக்கு. ஆத்தா சொல்லியனுப்பச் சொன்னாளே. அவ அடக்கத்துக்கு வந்தாளா இல்லையா?"

அவள் பக்கத்தைப் புரட்டினாள். "அது இங்க எழுதலை. தேர்வுலயும் வராது."

"வராது. எப்பவும் வராது!" என்று கத்தினேன். "எனக்குப் பதினாலு வயசுல என்னைப் பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்தினாங்க. தம்பி கப்பல் படிப்புப் படிக்கணும்னு. அன்னைக்கு மீன் சந்தையில கத்தியைப் புடிச்சவ நான். ரோதெல் இப்போ கப்பல்ல ரெண்டாவது இன்ஜினியரு. அவன் கல்யாணத்துல என்னைச் சமையல்கட்டு ஓரமா உக்கார வெச்சான், தெரியுமா? கையில மீன் வாடை அடிக்குதாம். ஊரெல்லாம் அவனைச் சொல்லுது, விடாமுயற்சி விடாமுயற்சின்னு. அவன் முயற்சி பண்ணினப்போ அடுப்பு ஊதினது யாரு? அவளுக்கு என்ன ஆச்சுன்னு இந்தப் புஸ்தகம் எழுதினவனுக்கும் தெரியலை, சொல்லிக்குடுக்கிற உனக்கும் தெரியலை."

"போதும். உக்காருங்க."

"உக்கார மாட்டேன்."

பின்னாலிருந்து நெனிதா அக்காவின் குரல் வந்தது. "சரிதான்டி. நானும் கேக்குறேன். உன் படிப்புக்கு யாருடி அடுப்பு ஊதினா?"

லியோனிசாவை 'டி' போட்டு அழைத்தது அதுதான் முதல் தடவை. அவள் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்தாள். புத்தகத்தைப் பையில் போட்டாள். கரும்பலகையை அவிழ்க்காமலே சாலைக்குப் போய், வந்த முச்சக்கர வண்டியில் ஏறிப் போய்விட்டாள். நாங்கள் கைதட்டினோம். இரண்டு பேர் விசிலடித்தார்கள். மூன்று மாதமாக முடியாதது அன்று முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

அடுத்த ஞாயிறு நாங்கள் வருவதற்கு முன்பே அவள் தளத்தில் நின்றாள். பலகையில் மூன்று எண்கள். நாலு, ஒன்பது, முப்பத்தொன்று.

"லூசிங் மூணு இடத்துல வர்றா" என்றாள். குரல் எப்போதும்போல விறைப்பாகத்தான் இருந்தது. "நாலாம் அத்தியாயத்துல அண்ணன் படிக்கிறான், அவ உப்புச் சட்டிக்கு விறகு தள்றா. ஒன்பதுல, அவன் ரெண்டாவது தடவை பள்ளிக்கூடம் போறப்போ, ஒரே ஒரு வரி. 'லூசிங் நகரத்துக் கனவான் வீட்டுக்கு வேலைக்குப் போனாள்.' அப்புறம் முப்பத்தொண்ணு. அவ்வளவுதான். அவளுக்குச் சொல்லியனுப்பினானான்னு இல்லை. புஸ்தகம் முழுக்கத் தேடிட்டேன்."

"பதினஞ்சு வருஷமா இதைப் படிக்கிறேன். தாவாவ் நகரத்துல ஒரு பல் டாக்டர் வீட்டுல வேலை பார்த்துக்கிட்டே காலேஜுக்குப் போனேன். மாடிப்படிக்கு அடியில எனக்கு இடம். அங்க படுத்துக்கிட்டு, நான்தான் இலாரியோன்னு நினைச்சுக்கிட்டே படிப்பேன். இந்த மூணு இடமும் என் கண்ணுல பட்டதே இல்லை." அவள் நெனிதா அக்காவைப் பார்த்தாள். "நீங்க ஒண்ணு கேட்டீங்க. என் தங்கச்சி. பேரு அர்செனியா. விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், கிளான்ல இருக்கா. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தப்போ அவளுக்குப் பன்னெண்டு வயசு. வீட்டுல ஒருத்தி இருந்தாகணும். நான் பஸ் ஏறிட்டேன்."

"அப்புறம்?" என்றாள் நெனிதா அக்கா.

"அப்புறம் போகவே இல்லை. அப்பா செத்ததுக்கும் போகலை. அன்னைக்கு எனக்கு லைசன்ஸ் பரீட்சை. முதல் தடவை."

"அதுலதான் ஃபெயிலா?"

"அதுலதான்."

"நல்லா வேணும்" என்றாள் நெனிதா அக்கா.

லியோனிசா தலையசைத்தாள். மறுப்பாகவும் இல்லை, ஒப்புதலாகவும் இல்லை. சுண்ணாம்புக்கட்டியை எடுத்தாள். "கட்டுரையில இனிமே நான் சொல்றதை எழுதவேண்டாம். உங்களுக்குத் தோணுறதை எழுதுங்க. நாவலைத் திட்டணும்னா திட்டுங்க. ஆனா எழுவாய், பயனிலையோட திட்டுங்க. பாதியில விட்ட வாக்கியத்துக்கு மார்க்கு கிடையாது."

அதற்குப் பிறகு நாங்கள் சமாதானமாகிவிட்டோம் என்று நினைக்கவேண்டாம். சண்டை கூடியது. தாய் ஏன் மகளைப் படிக்க வைக்கவில்லை? பாதிரியார் அடித்தது பெரிதா, கனவான் வீட்டில் லூசிங்குக்கு நடந்திருக்கக்கூடியது பெரிதா? இலாரியோ கட்டப்போகிற பள்ளியில் பெண் பிள்ளைகள் உண்டா? ஆளாளுக்குக் கத்தினோம். என்ன கத்தினாலும் அவள், "எழுதுங்க" என்றாள். எழுதிக் கொடுத்தால் சிவப்பு மையில் குதறித் திருப்பி எறிந்தாள். ரோதெல்லைப் பற்றிய ஒரே பத்தியை நான் ஒன்பது தடவை எழுதினேன். ஒன்பதாவது தடவை அவள், "இப்போதான் உங்க தம்பிமேல எனக்குக் கோபம் வருது. இதுக்கு முன்னாடி உங்க மேலதான் வந்துது" என்றாள். பாராட்டு என்று அவளிடமிருந்து நான் வாங்கியது அது ஒன்றுதான்.

வகுப்பில்லாத நாட்களில் அவள் கிளானுக்குப் போய்வரத் தொடங்கியிருந்தாள். அவளாகச் சொல்லவில்லை, நெனிதா அக்கா குடைந்து வாங்கினாள். முதல் முறை அர்செனியா கதவைத் திறந்து, யாரென்று பார்த்து, மூடிக்கொண்டாள். இரண்டாவது முறை கடற்கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவள், "என்ன வேணும்?" என்றாள். "ஒண்ணும் வேணாம்" என்றாள் இவள். "அப்போ போ" என்றாள் அவள். மூன்றாவது முறை பக்கத்து வீட்டுக்காரர்கள் முன்னால் ஊரே கேட்கத் திட்டினாள்.

"வாய் பேசாம நின்னியா?" என்று கேட்டாள் நெனிதா அக்கா.

"என்ன பேசுறது? அவ சொன்னதுல ஒரு தப்பும் இல்லை."

நவம்பரில் தேர்வு எழுதினோம். கட்டுரைத் தலைப்பு, கல்வியால் ஒரு குடும்பம் எப்படி மாறுகிறது என்பது. நான் லூசிங்கைப் பற்றியும் என்னைப் பற்றியும் எழுதினேன். பேனா பிடித்த கை வலித்தது. கத்தி பிடித்து வலிப்பது வேறு, இது வேறு. ஒரு வாக்கியத்தையும் பாதியில் விடவில்லை.

முடிவு மார்ச்சில்தான் வந்தது. அதற்குள் டிசம்பர் வந்து, சான்றிதழ் கையில் இல்லையே என்று சொல்லிக் கம்பெனி எங்களில் பாதிப் பேரை நிறுத்திவிட்டது. மார்ச்சில் இருபத்திரண்டு பேர் தேறினோம். நெனிதா அக்கா கணக்கில் போனாள். ஏப்ரலில் சூரை நிறைய வரத் தொடங்கியதும் கம்பெனியே ஆள் விட்டு எங்களைக் கூப்பிட்டது. சான்றிதழை நான் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். ரெய்னெரியோ அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. "மூணாவது மேசை. சீக்கிரம்" என்றான். அதற்குப் பின் ஒருவனும் அந்தச் சான்றிதழைப் பற்றிக் கேட்டதில்லை. கிழவிகளைக் கழித்துக்கட்ட ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

லியோனிசாவின் ஒப்பந்தத்தை அலுவலகம் புதுப்பிக்கவில்லை. தொழிலாளர்களைக் கம்பெனிக்கு எதிராகத் தூண்டினாள் என்று ஒரு புகார் போயிருந்தது. அவள் தூண்டினாளா? எங்களை அவள் திட்டியதைத்தான் நான் பார்த்தேன். ஆனால் அடுத்த வருடம் ஐந்து மாத ஒப்பந்த முறையை எதிர்த்துத் தொழிலாளர் நல அலுவலகத்துக்கு நாங்கள் மனுக் கொடுத்தோம். அதை எழுதியது நான். இன்னும் முடிவு வரவில்லை. அவர்கள் இழுக்கிறார்கள், நாங்கள் விடுவதாக இல்லை.

நெனிதா அக்கா மறுபடி எழுதி, ஐம்பத்தெட்டு வயதில் தேறினாள். சான்றிதழ் வந்த வாரமே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"கிளம்புடி. கிளானுக்குப் போகணும்."

"எதுக்கு?"

"இதை அவ மூஞ்சிக்கு நேரா நீட்டணும்."

விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு வேனில் போனோம். லியோனிசா அங்கே சந்தைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். மீனவர் வீட்டுப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு, படகுக் கொட்டகையில் அதே வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். உள்ளூர் நிர்வாகம் ஏதோ சொற்பம் கொடுத்தது. எங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது என்று சொன்னால் பொய். நெனிதா அக்கா நீட்டியதை வாங்கி, கண்ணாடிக்குக் கிட்டே பிடித்துப் படித்தாள்.

"கணக்குல எவ்வளவு?"

"பாஸ்டி! பாஸ்! அது போதாதா உனக்கு?"

"எவ்வளவுன்னு கேட்டேன்."

நெனிதா அக்கா சொன்னாள். "இன்னும் ரெண்டு கேள்வி சரியாப் போட்டிருக்கலாம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள் லியோனிசா. பிறகு எங்களுக்குச் சோறும் சுட்ட மீனும் வாங்கித் தந்தாள். மூன்று பேரும் அதிகம் பேசாமல் தின்றோம்.

வேனுக்குக் காத்திருந்தபோது சந்தையில் கருவாட்டுக் கடை போட்டிருந்த ஒருத்தியை நெனிதா அக்கா முழங்கையால் இடித்துக் காட்டினாள். அதே குட்டை உருவம், அதே தாடை. நான் கருவாடு வாங்குவதுபோலப் போனேன்.

"நீங்க லியோனிசா மேமோட தங்கச்சிதானே?"

அர்செனியா தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவ அனுப்பினாளா?"

"இல்லை. நாங்க அவகிட்டப் படிச்சவங்க. எங்களுக்கும் அவளைப் பிடிக்காது."

அதற்கு அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தினமும் காலையில வந்து நிக்கிறா. கூடையைத் தூக்கி வண்டியில வைக்கிறா. நான் வேணாம்னுதான் சொல்றேன். கேக்க மாட்டேங்குறா. முதல்ல கூடையைப் பிடுங்கிக் கீழ வைப்பேன். இப்போ அதுக்கு எனக்கு நேரமில்லை."

"பேசுவீங்களா?"

"'அந்தக் கூடை இல்லை, இந்தக் கூடை'ன்னு சொல்லுவேன். வேற என்ன பேசணும்?" பொட்டலத்தைக் கட்டி என் கையில் வைத்தாள். "போன வாரம் காய்ச்சல்னு அவ வரலை. நானே தூக்கினேன். முதுகு போச்சு."

அவ்வளவு சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்து, என்ன வேணும் என்று அதட்டினாள். வேன்காரன் ஹாரன் அடித்தான். நெனிதா அக்கா ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தாள்.